இருபத்து நான்கு ஃபோல்டர்களும் அழையாமல் வந்த எட்டும்

"மலையில பொறந்த பொண்ணு. டைப் அடிக்கட்டும், போதும். சிஸ்டத்துல கை வெக்க வேணாம்னு சொல்லி வைங்க."

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என்னை எதிரில் வைத்துக்கொண்டே, எங்கள் மகளிர் சங்கச் செயலாளர் சரோஜா அக்காவிடம் சர்வீஸ் குமரேசன் அண்ணன் இப்படிச் சொன்னார். கலசப்பாக்கத்திலிருந்து மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்து எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர் அவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த முதல் ஆளும் நான்தான். இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை.

எங்கள் அறைக்குப் பயிற்சிக்கு வரும் தங்கைகள், "அக்கா, அந்த எட்டு ஃபோல்டர் கதையைச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சொல்வதற்கு எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

1. அறை

மலை மேல் ஜமுனாமரத்தூரில் சங்கத்தின் சாமை அரைக்கும் கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை. நான்கு பழைய கம்ப்யூட்டர்கள். யாரோ வேண்டாம் என்று கொடுத்தவை. அவற்றில் லினக்ஸ்தான் ஓடும், வேறு எது போட்டாலும் மூச்சு வாங்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன்.

எங்கள் பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றில் டவர் எடுக்காது. ஆண்கள் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்கும், திருப்பூருக்கும், கேரளாவுக்கும் போகிறார்கள். ஆறு மாதம், எட்டு மாதம், சிலர் இன்னும் அதிகம். அவர்கள் சங்கத்தின் போனுக்குக் குரல் பதிவு அனுப்புவார்கள். நான் அதை இறக்கி, அந்தந்தக் குடும்பத்தின் ஃபோல்டரில் போட்டுவைப்பேன். வாரச் சந்தை நாளில் பெண்கள் வந்து கேட்பார்கள். பதில் பேசுவார்கள். அதை நான் அனுப்புவேன். என் வேலை இவ்வளவுதான்.

டவர் எடுக்கும் பாறை மேல் ஏறினால் போனில் நேரடியாகவே பேசலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பேசுகிறார்கள்தான். ஆனால் எங்கள் குப்பம்மா அக்கா ஒரு தடவை சொன்னார்: "போன்ல பேசினா பேசினதோட போச்சு. இங்க வந்தா அது கீது. இன்னொரு தபா கேக்கலாம்."

வந்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் எழுத்துத் தெரியாது. ஆனாலும் தங்கள் ஃபோல்டரைத் தாங்களே திறக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னார்கள். திரையில் வீட்டுப் படம் ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் ஹோம் என்ற முதல் ஃபோல்டர் திறக்கும். உள்ளே இருபத்து நான்கு குடும்பங்களின் ஃபோல்டர்கள், வரிசைக்கு ஆறாக நான்கு வரிசை. ஒவ்வொருவருக்கும் தன் இடம் தெரியும். 'ரெண்டாவது வரிசையில மொதலு.' 'அடி வரிசையில கடைசி மூலை.' இரண்டு முறை வேகமாகத் தட்டுவதற்குப் பழக மூன்று சந்தை நாள் ஆனது. பழகிய பிறகு என்னைப் பக்கத்திலேயே விடவில்லை.

அறையில் ஒரு வழக்கம் தானாகவே உண்டாகிவிட்டது. யார் ஃபோல்டரில் என்ன வந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. நானும் எந்தப் பதிவையும் போட்டுக் கேட்பதில்லை. எத்தனை வந்தது, எத்தனை நொடி என்பது மட்டும் இறக்கும்போது கண்ணில் படும். ஒருவர் ஒரே பதிவை ஐந்து முறை கேட்டாலும் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜன்னலைப் பார்த்தாலும் முகங்கள் தெரியத்தான் செய்யும். சிலர் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். சிலர் திரையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் திரையையே பார்ப்பார்கள். ஒருவர் தலையை ஆட்டி ஆட்டி "ம்... ம்..." என்பார், எதிர்முனையில் ஆள் இருப்பதுபோல. அந்த "ம்" எனக்கு என்னவோ செய்யும். ஆறாம் வகுப்பிலிருந்து நான் கீழே ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். மற்ற பெண்களுக்கு வீட்டிலிருந்து கடிதம் வரும். என் அம்மா அப்பாவுக்கு எழுதத் தெரியாது. விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, அம்மாவின் குரல் நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கட்டையாக இருக்கும். ஒவ்வொரு முறையும் அதற்குப் பழகிக்கொள்ள ஒரு பொழுது ஆகும். அந்த வயதில் இப்படி ஓர் அறை எனக்குக் கிடைத்திருந்தால் நானும் ஐந்து முறை கேட்டிருப்பேன்.

பொன்னி அத்தையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. எழுதலாமா என்று கேட்டேன், "எழுது, பேரை மட்டும் வுட்டுடு" என்றார். நெல்லிவாசல்நாட்டில் ஒரு சிற்றூர். ஒரே மகன் வெளியூர் வேலைக்குப் போனான். போன புதிதில் ஒரு பதிவு அனுப்பினான். முப்பத்தெட்டு நொடி. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பொன்னி அத்தை ஒவ்வொரு சந்தை நாளும் காட்டுப் பாதையில் நடந்து, ஜீப்புக்குக் காத்திருந்து, நின்றுகொண்டே வந்து, அந்த முப்பத்தெட்டு நொடியைக் கேட்டுவிட்டுப் போவார். ரெண்டாவது வரிசையில் மொதல் ஃபோல்டர்.

2. சந்தை நாள்

ஹார்டு டிஸ்க்குகள் தகராறு செய்ததால் குமரேசன் அண்ணன் வந்து மாற்றினார். நான்கிலும் புதிய லினக்ஸ் போட்டார். நான் எடுத்து வைத்திருந்த இருபத்து நான்கு ஃபோல்டர்களையும் திரும்ப உள்ளே வைத்தார். "எல்லாம் ஓகே" என்று சொல்லிவிட்டு மாலை பஸ்ஸில் இறங்கிவிட்டார். மறுநாள் சந்தை.

காலையில் நான் மெஷின்களை ஆன் செய்துவிட்டு, சாமை மூட்டை வந்த கணக்கைப் பார்க்கக் கூடத்துக்குப் போனேன். திரும்புவதற்குள் முதல் ஜீப்பில் வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே ஒரே சிரிப்பு.

குப்பம்மா அக்கா ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். "அடியே தங்கம்னு கூப்புடுது! எம் புருசன் இந்த ஜென்மத்துல என்னைத் தங்கம்னு கூப்ட்டது கெடையாது. மொத வார்த்தையிலயே ஆள் மாறிப்போச்சுன்னு தெரிஞ்சிக்கினேன்."

பக்கத்து நாற்காலியில் ராசாத்தி. கல்யாணமாகி ஒரு வருடம். முகம் சிவந்துவிட்டது. "அது என் வூட்டுக்காரு. இன்னா பேசினாரு? எவ்ளோ நேரம் கேட்ட?"

"தங்கம் வரைக்கும்தான்டி."

"பொய்யி! சிரிக்கிற சிரிப்பைப் பாத்தாலே தெரியுது. உன்னை அப்படி யாரும் கூப்புடலன்னு உனக்கு வயித்தெரிச்சல்."

"எனக்கு இன்னாத்துக்கு வயித்தெரிச்சல்? நாலு புள்ள பெத்தவ நானு."

நான் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். இருபத்து நான்குக்கு முன்னால் எட்டு ஃபோல்டர்கள் புதிதாக உட்கார்ந்திருந்தன. Desktop, Documents, Downloads, Music, Pictures, Public, Templates, Videos. எங்கள் ஃபோல்டர்களின் பெயர்கள் தமிழில் இருப்பதால் ஆங்கிலப் பெயர்கள் முன்னால் வந்துவிடும். அதனால் எல்லோருடைய இடமும் ஒரு வரிசையும் இரண்டு கட்டமும் தள்ளிப்போயிருந்தது. மேல் வரிசைக்காரர்கள் திறந்தால் காலி ஃபோல்டர். கீழ் வரிசைக்காரர்கள் திறந்தால் அடுத்த வீட்டு ஆளின் குரல்.

சண்டையை விலக்கிக்கொண்டிருந்தபோது பொன்னி அத்தை கடைசி மெஷினில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஹெட்போன் காதில் இருந்தது. கை மடியில் இருந்தது. தன் முறை முடியும்வரை அப்படியே இருந்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, மேசை மேல் வைத்தார்.

"இன்னா அத்தே, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?"

"ஜீப்பு போய்டும் கண்ணு."

அவ்வளவுதான். ராசாத்தி இன்னும் கத்திக்கொண்டிருந்ததால் நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். எட்டு ஃபோல்டரையும் நான்கு மெஷினிலும் அழித்து முடித்தபோது மதியம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு எல்லாம் பழைய இடத்திலேயே கிடைத்தது.

3. அழித்தால் வரும்

மறுநாள் காலை ஆன் செய்தேன். எட்டும் வந்திருந்தன.

குமரேசன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அது சிஸ்டத்தோட வழக்கம்மா. தானா வரும்."

"வராம பண்ண முடியாதாண்ணா?"

"காலையில வூட்டைப் பெருக்கற இல்ல? அதுமாதிரி காலையில டெலீட் பண்ணிட்டுப் போயேன். இதுல இன்னா இருக்குது?"

பெருக்குவதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

முதலில் ஒரு குறுக்கு வழி பார்த்தேன். எங்கள் ஃபோல்டர்களின் பெயருக்கு முன்னால் எண் போட்டால் அவை முதலில் வரும். போட்டேன், வந்தன. ஆனால் எட்டும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டன. 'அடி வரிசை' என்று மனதில் வைத்திருந்தவர்களுக்கு அடி வரிசை மாறிப்போனது. எண்களை எடுத்துவிட்டேன். இதைப் படிக்கும் தங்கைகள் கேட்பீர்கள், இருபத்து நான்கையும் தனி ஃபோல்டருக்குள் போட்டு, வீட்டுப் படத்தைத் தட்டினால் அது திறக்கும்படி செய்திருக்கலாமே என்று. செய்திருக்கலாம். இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தோன்றியது ஒன்றுதான். அழையாமல் வந்தவர்களுக்காக வீட்டுக்காரர்கள் ஏன் இடம் மாற வேண்டும்?

மூன்று நாள் படித்தேன். விஷயம் பிடிபட்டது. நாம் லாகின் செய்யும்போது ஒரு சின்ன புரோகிராம் ஓடுகிறது. ஹோமுக்குள் `.config` என்று மறைவாக ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் `user-dirs.dirs` என்ற பட்டியலை அது தேடும். பட்டியல் இல்லாவிட்டால், இவர் புது ஆள் என்று எடுத்துக்கொண்டு எட்டு ஃபோல்டர்களையும் உண்டாக்கித் தரும். அதே இடத்தில் `user-dirs.conf` என்று ஒரு ஃபைல் வைத்து, `enabled=False` என்று ஒரே வரி எழுதினால் அந்த புரோகிராம் சும்மா இருந்துவிடும்.

எழுதினேன். எட்டையும் அழித்தேன். லாக் அவுட் செய்து லாகின் செய்தேன். வரவில்லை. இன்னொரு முறை செய்தேன், அப்போதும் வரவில்லை. நான்கு மெஷினிலும் இதையே செய்தேன்.

சரோஜா அக்காவிடம் போய், "முடிஞ்சிதுக்கா" என்றேன்.

"குமரேசன் முடியாதுன்னானே?"

"அவருக்குத் தெரியலக்கா."

இதைச் சொன்னபோது என் தலை எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்று எனக்கே தெரியும்.

சந்தை நாள் காலையில் மெஷின்களை ஆன் செய்தேன். எட்டும் இருந்தன.

பெண்கள் வருவதற்கு முன் அவசர அவசரமாக அழித்தேன். பத்து மணிவரை ஒரு குறையும் இல்லை. பதினொன்றுக்குக் கரண்ட் போய் வந்தது. யு.பி.எஸ். பாட்டரி எப்போதோ செத்துவிட்டதால் நான்கு மெஷினும் அணைந்து மறுபடி எழுந்தன. எட்டும் கூடவே எழுந்தன. நான் ஒரு மெஷினில் அழித்துக்கொண்டிருக்கும்போதே மற்ற மூன்றிலும் பெண்கள் தட்டிவிட்டார்கள். யாரோ ஒருவர் வேறு யாருடைய மாமியாரைப் பற்றியோ கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சரோஜா அக்கா கூடத்திலிருந்து வந்தார். "போதும் சுகன்யா. அடுத்த சந்தையிலேர்ந்து நீயே தொறந்து போட்டுக் குடு. யாரும் மவுசைத் தொடவேணாம்."

"அக்கா, அவங்க கத்துக்கினதுக்கா."

"கத்துக்கினு இன்னா பண்றது? ஊர் வம்பு வளர்றதுக்கா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்போதுதான் பொன்னி அத்தை வரவில்லை என்பது எனக்கு உறைத்தது. குப்பம்மா அக்காவுக்கும் அதே ஊர். கேட்டேன்.

"அவ வரமாட்டா. அவ புள்ள பேசினதை எடுத்துக்கினானாம்."

"எடுத்துக்கினாரா?"

"போன்ல அனுப்பினதைத் திரும்ப அழிச்சிடலாமாமே. எம் பேரன் ஒருநாளு சொல்லிக்கினு இருந்தான், அதை அவ கேட்டு வெச்சிருந்தா. போன வாரம் தொறந்தா காலியாக் கெடந்துச்சாம். அவனே எடுத்துக்கினான், இனிமே நான் எதுக்கு அங்க போவணும்னு சொல்லிட்டா. களை எடுக்கக்கூட வரல. படுத்துக்கினு கீறா."

அவர் திறந்தது Templates. அதில் என்றைக்கும் எதுவும் இருந்ததில்லை. காலியான ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு தன் முறை முடியும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறார். மகன் தன் குரலையும் திருப்பி எடுத்துக்கொண்டான் என்று முடிவு செய்துகொண்டு, ஒயரைச் சுற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்றைக்கே ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லி அழைத்து வந்தால் அடுத்த வாரம் என்ன நடக்கும்? நான் திறந்து கொடுக்க வேண்டும். "அதே பழசைப் போடு கண்ணு" என்று வாரா வாரம் இன்னொருத்தியிடம் கேட்க யாருக்கு வாய் வரும்? பொன்னி அத்தைக்கு வராது. ஒரு வாரம் கேட்பார், அதற்கப்புறம் வரமாட்டார். அடுத்த சந்தைக்குள் இதை முடித்தாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

4. மெயின் ஸ்விட்ச்

என் தவறு எங்கே என்று கரண்ட்தான் காட்டிக்கொடுத்தது. நான் லாக் அவுட் செய்துதான் சோதித்தேன். மெஷினை முழுக்க அணைத்துப் போட்டுச் சோதிக்கவே இல்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தேன். எட்டும் வந்தன. `.config` உள்ளே போய்ப் பார்த்தேன். நான் எழுதிய ஃபைலே அங்கே இல்லை.

ஃபைல் தானாகக் காணாமல் போகாது. மெஷின் எழும்போது என்னென்ன ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். இரண்டாம் நாள் கிடைத்தது. குமரேசன் அண்ணன் எழுதிவைத்த நான்கு வரி. மெஷின் ஒவ்வொரு முறை எழும்போதும் எங்கள் `.config` முழுவதையும் அழித்துவிட்டு, வேறோர் இடத்தில் வைத்திருக்கும் சுத்தமான நகலை அதன் இடத்தில் போடும். பெண்கள் எதையாவது தட்டித் திரையைக் கோணலாக்கினாலும் மறுநாள் சரியாகிவிடும் என்பதற்காகச் செய்திருக்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் அந்த நகலில் எட்டு ஃபோல்டர் பட்டியல் இல்லை. அதனால் அந்தச் சின்ன புரோகிராமுக்கு நாங்கள் ஒவ்வொரு காலையும் புது ஆட்கள்.

நகலைத் திருத்தினால் போதும். திருத்த பாஸ்வேர்டு வேண்டும். அது அவரிடம் மட்டும்தான் இருந்தது.

"அண்ணா, பாஸ்வேர்டு வேணும்."

"எதுக்கும்மா? நான்தான் சொன்னேனே, அந்த வேலை உனக்கு..."

"அண்ணா, நாலு வரி படிக்கறேன், கேளுங்க."

படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் அது என்ன செய்கிறது என்று தமிழில் சொன்னேன். அந்தப் பக்கத்தில் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"இது யாரு எழுதினது தெரியுமாண்ணா?"

"...நாந்தான்."

"எட்டு ஃபோல்டர் சிஸ்டத்தோட வழக்கம்தான். ஆனா தெனமும் வர்றது உங்க வழக்கம்ணா."

கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். பிறகு, "பேனா கீதா?" என்றார். "எழுதிக்க. பெரிய எழுத்து, சின்ன எழுத்து பாத்து எழுது. எதனா கெட்டுப்போச்சுன்னா நான்தான் வரணும்."

"கெடாதுண்ணா."

நகலுக்குள் `enabled=False` ஃபைலை வைத்தேன். அணைத்துப் போட்டேன். ஏழு வரவில்லை. Desktop மட்டும் வந்தது! அழுகை வந்துவிட்டது. பட்டியல் இல்லாதபோது திரையை வரைகிற புரோகிராம் தனக்கென்று அதைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்று கண்டுபிடிக்க இன்னும் அரை நாள் ஆனது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் அந்த ஃபோல்டர் கண்ணில் படாது. அப்படிப் புள்ளி வைத்த ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, எட்டுக்கும் இடம் அதுதான் என்று `user-dirs.dirs` பட்டியலில் எழுதி, அந்தப் பட்டியலையும் நகலில் வைத்தேன்.

இந்த முறை லாக் அவுட் செய்து பார்க்கவில்லை. மெயின் ஸ்விட்சையே அணைத்தேன். போட்டேன். ஏழு முறை. சாமை மெஷின்காரர், "யம்மா, லைட்டை வெச்சி இன்னா வெளையாட்டு?" என்று கூடத்திலிருந்து கத்தினார். இருபத்து நான்கு ஃபோல்டர்கள், நான்கு வரிசை. வேறொன்றும் இல்லை.

சரோஜா அக்காவைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே ஸ்விட்சை அணைத்துப் போடச் சொன்னேன். போட்டார். திரையை எண்ணினார். "சரி. இந்த சந்தை மட்டும் பாக்கறேன்" என்றார்.

5. ரெண்டாவது வரிசையில் மொதல்

சந்தைக்கு முந்தின நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நெல்லிவாசல்நாட்டுக்கு ஜீப் ஏறினேன். இறங்கி நடந்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்பதுதான் யோசனை. உங்கள் மகன் பேசினது பத்திரமாக இருக்கிறது என்று சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றாகிவிடும். அது எங்கள் அறையின் வழக்கம் அல்ல.

பொன்னி அத்தை வாசலில் உட்கார்ந்து கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறம் நின்றது.

"நீயா? இன்னா இவ்ளோ தூரம்?"

"சும்மாதான் அத்தே. உங்க எடம் பழைய எடத்துலயே கீது. ரெண்டாவது வரிசையில மொதலு. அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அதான் பாத்தனே கண்ணு. காலியாக் கெடந்துச்சி."

"அது உங்க எடமே இல்ல அத்தே. எது எதுவோ முன்னால வந்து குந்திக்கிச்சி. உங்களுது தள்ளிப் போயிருந்திச்சி. என் தப்பு. நான் பாக்காம வுட்டுட்டேன்."

அவர் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவன் எடுத்துக்கலியா?"

"யாரும் எதையும் எடுத்துக்கல."

"நெசமா?"

"நெசமா அத்தே."

முறத்தைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் முகத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு மகனைப் பற்றிப் பேச்சே இல்லை. ஜீப் எத்தனை மணிக்கு வருகிறது, இப்போதெல்லாம் எப்படி நெருக்கி ஏற்றுகிறார்கள் என்று பேசினோம். கிளம்பும்போது மட்டும் சொன்னார்: "ரெண்டு வாரமா அவன் குரலு எப்படி இருக்கும்னு நெனச்சி நெனச்சிப் பாத்தேன். வாய் அசையறது வருது. சத்தம் வரமாட்டேங்குது."

மறுநாள் முதல் ஜீப்பில் வந்தார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். வீட்டுப் படத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. எண்ணுகிற முணுமுணுப்பு கேட்டது. இரண்டு தட்டு. அதற்கப்புறம் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பின்னால் காத்திருந்த ராசாத்தி, "அத்தே, என் முறை வந்துருச்சி" என்றாள். பிறகு அவளே, "இருங்க, இருங்க, எனக்கொண்ணும் அவசரமில்ல" என்றாள்.

அன்று பதினொரு மணிக்கும் கரண்ட் போய் வந்தது. அறையில் யாரும் தன் இடத்தைத் தொலைக்கவில்லை. அடுத்த சந்தையிலிருந்து நீயே திறந்து கொடு என்ற பேச்சை சரோஜா அக்கா அதற்கப்புறம் எடுக்கவில்லை. குமரேசன் அண்ணன் அடுத்த மாதம் வந்தபோது அந்த இரண்டு ஃபைலையும் பென்டிரைவில் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கீழே இரண்டு கடைகளுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். நான் எழுதியது என்று அங்கே சொன்னாரா, தெரியாது. சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பொன்னி அத்தை அன்றைக்கு ஒரு பதிலும் பேசினார். மகனின் எண்ணுக்கு அனுப்பினேன். ஒற்றை டிக்தான் விழுந்தது, அவன் போனுக்குப் போய்ச் சேரவில்லை. இதை எழுதும் இன்றைக்கும் ஒற்றை டிக்தான். வாரம் ஒரு முறை அதைத் திறந்து பார்க்கிறேன்.

தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வேண்டாத ஒன்று திரும்பத் திரும்ப வந்தால், அதை அழிப்பதை நிறுத்திவிட்டு, அதை யார் உண்டாக்குகிறார்கள் என்று தேடுங்கள். சரியாகிவிட்டது என்று சொல்வதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனால், சண்டை போடுகிறவர்களை விட்டுவிட்டு முதலில் அவர் பின்னால் போங்கள். மூன்றாவதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக நாள் ஆனது.

நெல்லிவாசல்நாட்டிலேயே ஓர் அறை கேட்டு சங்கத்தின் பேரில் நான் மனு எழுதினேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒன்று கிடைத்தது. நேற்று இரண்டு பழைய மெஷின்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். லினக்ஸை நானே போட்டேன். முதல் முறை ஆன் செய்ததும் எட்டு ஃபோல்டர்களும் வந்து நின்றன. ஃபைல்களை வைத்தேன், எட்டையும் அழித்தேன், மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். ஹோம் காலியாக இருந்தது. அதில் ஒரே ஒரு ஃபோல்டரை உண்டாக்கினேன். உள்ளே அந்த முப்பத்தெட்டு நொடியை வைத்தேன். வாசலில் நிற்பவர்களுக்குத் திரையும் தெரியாமல், உட்கார்ந்திருப்பவரின் முகமும் தெரியாமல் மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, ஊருக்குள் போய் அத்தையிடம் சொல்லிவிட்டு வந்தேன்.